யாரும் விழவில்லை

மார்ச் 3, ஞாயிறு

ஸ்கேட் பார்க்கை இன்று திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், கூட்டம் கலைவதற்குள் காவலாளி வேலியில் ஓர் அறிவிப்பை மாட்டினார். சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை.

என் குட்டைச் சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றேன். பக்கத்தில் கொக்கி. எங்கள் சைக்கிள் கூட்டத்தில் மூத்தவன், தாவச் சொன்னால் மொட்டை மாடியிலிருந்தும் தாவுவான். "இது பெரிய சைக்கிளுக்கா இருக்கும், நமக்கு இல்ல" என்றான், பாவி. காவலாளிக்குச் சிரிப்பு. "சக்கரம் நாலு இருந்தா உள்ளே, ரெண்டு இருந்தா வெளியேம்மா."

இந்தப் பார்க்குக்காக ஸ்கேட் போர்டு ஓட்டுகிறவர்களும் நாங்களும் சேர்ந்துதான் நகராட்சிக்கு நடையாய் நடந்தோம். கமிட்டியில் உட்கார ஒரே ஒருத்தர் வரலாம் என்றபோது என் தம்பியை அனுப்பினோம். அவன் போர்டு ஓட்டுகிறவன், அக்கா சைக்கிள் ஓட்டுகிறவள், இரண்டு பக்கத்துக்கும் பேசுவான் என்று நம்பி. நல்லாவே பேசியிருக்கிறான்!

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீயாடா ஒத்துக்கிட்டே?"

"சைக்கிள் பெக் இரும்புக்கா. சரிவோட சிமென்ட் விளிம்பை உடைச்சிடும்னாங்க. சைக்கிளும் வேணும்னா பார்க்கே கிடையாதுன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பெக் என்பது சக்கர அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் குழாய். கைக்கு அடக்கமாக இருக்கும். அதில் நின்றுதான் விளிம்பில் வழுக்கிப் போவோம். அது இல்லாமல் ஓட்டுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். உறை போடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆயிரம் வழி சொல்லியிருப்பேன்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே."

கத்தினேன். தட்டையும் வீசினேன். அவன் குனிந்துகொண்டான், சுவரெல்லாம் சோறு. அம்மா பஸ் கண்டக்டர். அப்போதுதான் வேலை முடிந்து வந்தவள், தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் நடுவில் நின்று வாசலைக் காட்டினாள். "ரெண்டு பேரும் இறங்குங்க. என் வண்டியில சண்டைக்காரங்களுக்கு இடமில்ல."

மார்ச் 4, திங்கள்

அவனோடு பேச்சு இல்லை. அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டினான், தட்டினான், முகம் கழுவாமலே போனான்.

மார்ச் 9, சனி

எங்கள் சைக்கிள் கூட்டம் மொத்தமாகப் பார்க்குக்குப் போனோம். காவலாளி வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொக்கி அவரை நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "நிழல்ல உக்காருங்க பெரியவரே" என்றான்.

பார்க்கின் நடுவில் கிண்ணம் போலக் குழித்துக் கட்டிய சிமென்ட் பள்ளம். அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கினேன். இதை எழுதி வைக்க வேண்டும். இறங்கும்போது வயிறு தொண்டைக்கு வருகிறது. எதிர்ச்சரிவில் ஏறும்போது சைக்கிளுக்கு எடையே இல்லை. விளிம்பைத் தாண்டி ஒரு கணம், எதையும் தொடாமல் — அப்புறம் மறுபடி சிமென்ட். இத்தனை வருஷம் படிக்கட்டிலும் சாக்கடைத் திட்டிலும் ஓட்டி இடுப்பை ஒடித்துக்கொண்டது இதற்குத்தான். மூன்று சுற்று வந்தேன். அவ்வளவுதான் விட்டார்கள்.

மொட்டை தன் போர்டை உதைத்து என் முன் சக்கரத்துக்கு நேராக அனுப்பினான். போர்டுக் கூட்டத்தில் பெரிய வாய் அவன்தான். நான் கைப்பிடிக்கு மேலே பறந்து தாடையில் இறங்கினேன். எழுந்தால் வாயெல்லாம் ரத்தம். "பாப்பா சைக்கிளை வீட்டுக்குள்ள ஓட்டும்மா" என்று சிரித்தான்.

மூக்கில் குத்தினேன். எலும்பு நகர்ந்தது விரலுக்குத் தெரிந்தது. நன்றாக இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது — நன்றாக இருந்தது. இன்னொன்றும் குத்தினேன். அதற்குள் எல்லாரும் எல்லாரையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி சக்கரத்திலிருந்து பெக்கைக் கழற்றிக்கொண்டு உள்ளே புகுந்தான். ஒருத்தன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். தூக்கின கையிலேயே இறக்கினான் கொக்கி.

தம்பி மேலே நின்று, "நிறுத்துங்கடா, டேய், நிறுத்துங்கடா" என்று கத்திக்கொண்டே இருந்தான். யார் கேட்டார்கள்.

மார்ச் 11, திங்கள்

எனக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் வேலை. இன்று காலை என் மேஜைக்கு வந்தவன், சனிக்கிழமை கொக்கியிடம் வாங்கியவன். இரண்டு நாள் வீங்கின கையை வீட்டில் மறைத்து வைத்திருந்தானாம்.

"எப்படிப்பா ஆச்சு?" என்றார் டாக்டர்.

"பார்க்ல விழுந்துட்டேன் சார்."

அவர் அதையே எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வரிசை அப்படி. நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். விழுகிறவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டு போகும். இவனுக்கு முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு குறுக்கே போயிருந்தது. அடியைத் தடுத்தால்தான் பெரும்பாலும் அங்கே உடையும். புருஷனிடம் அடி வாங்கி வரும் பெண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் விழுந்ததாகத்தான் சொல்வார்கள்.

போலீஸ் கேஸ் என்றால் பார்க்கைப் பூட்டிவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஞ்சைச் சுற்றினேன், மாவுத் துணியை நனைத்துப் பிழிந்து சுற்றினேன். இன்னும் இறுக்கு, இறுக்கு என்று கை அரித்தது. இறுக்கவில்லை.

"உங்க கொக்கிகிட்ட சொல்லுங்க" என்றான் மெதுவாக. "எங்க முறை வரும்."

மார்ச் 17, ஞாயிறு

வந்தது. எங்கள் ஒல்லியை, ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவனை, சுரங்கப்பாதையில் மடக்கியிருக்கிறார்கள். அவன் விரல்களை அவன் சக்கரக் கம்பிகளுக்குள்ளேயே சொருகி, சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார்கள். மூன்று விரல் போச்சு.

பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்கிறான்: "பார்க்ல விழுந்துட்டேன்."

சும்மா விடக் கூடாது. ஒருத்தனையும் விடக் கூடாது.

மார்ச் 24, ஞாயிறு

இந்த வாரம் நான்கு பேர். பாதி அவர்கள், பாதி நாங்கள். எல்லாரும் விழுந்தவர்கள். டாக்டர் தலையைச் சொறிகிறார்: "அது பார்க்கா, மலை உச்சியா?"

மார்ச் 30, சனி

இப்பவே எழுதிடணும்.

பார்க் கேட்டுக்கு வெளியே, வண்டி நிறுத்துற இடம். அவங்க கம்பியோட வந்தாங்க. நாங்களும் பெக்கைக் கழட்டிக் கையிலதான் வச்சிருந்தோம். யாரும் திட்டக்கூட இல்ல, நேரா அடிதான். யாரோ என் முதுகுல ஒண்ணு போட்டாங்க, மூச்சே நின்னுச்சு. திரும்பினா தம்பி. மேல நின்னு கத்துவானே, அந்தத் தம்பி. என் சைக்கிள் கீழே கிடக்குது. போர்டை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி முன் சக்கரத்துல இறக்குறான். மறுபடி தூக்குறான், மறுபடி இறக்குறான். கம்பி தெறிக்குது. "இது இருந்தாத்தானே வருவே! இது இருந்தாத்தானே வருவே!" அழுதுக்கிட்டே உடைக்கிறான்.

அவனை நிறுத்தணும்னு நெனச்சேனா? இல்ல. அடிக்கணும்னுதான் நெனச்சேன். தலையைப் பார்த்துதான் வீசினேன்.

அவன் போர்டை விட்டுட்டு வலது கையைத் தூக்கினான்.

அந்தச் சத்தம். தினமும் உடைஞ்ச எலும்பைப் பார்க்கிறவ நான். உடையிற சத்தத்தைக் கேட்டதில்ல.

"அக்கா, கை"ன்னான். கோபமே இல்லாம சொன்னான். சின்ன வயசுல முள்ளு குத்தினா எங்கிட்ட ஓடி வந்து நீட்டுவான், அதே குரல்.

நான்தான் ஆட்டோ பிடிச்சேன். நான்தான் மடியில கையைத் தாங்கிக்கிட்டு உக்காந்தேன். டாக்டர் கேட்டதும், என்னைப் பார்க்காம "விழுந்துட்டேன்"னான். கட்டும் நான்தான் போட்டேன். மாவு இறுகும்போது சூடு வரும். "சுடுதுக்கா"ன்னான். "ஆறிடும்டா"ன்னேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அம்மா ஓய மாட்டேன் என்கிறாள். "அந்தக் குழியை மண்ணைப் போட்டு மூடணும்." அவள் பஸ்ஸில் ஏறுகிற பெண்களை எல்லாம் பிடித்துவைத்துப் பேசுகிறாள். கண்டக்டர் தொண்டை, கடைசி சீட் வரை கேட்கும். விழுந்த பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் அவள் ரூட்டில்தான் வருகிறார்களாம். எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறார்களாம்.

நானும் தம்பியும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம். அவன் இடது கையால்.

ஏப்ரல் 12, வெள்ளி

பார்க்குக்குப் பூட்டு. அம்மாக்கள் மனு கொடுத்தார்கள். நகராட்சி ஆஸ்பத்திரியைக் கேட்டது. ஆஸ்பத்திரி, விழுந்தவர்கள் எண்ணிக்கையைக் கொடுத்தது. திறந்து ஒரு மாதத்தில் இத்தனை எலும்பு முறிந்தால் சரிவின் அமைப்பிலேயே கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். கிண்ணத்தை மண் போட்டு நிரப்பப் போகிறார்கள். அடுத்த வியாழன் கூட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம்.

கொக்கிக்குக் கொண்டாட்டம். "நமக்கு இல்லாதது அவனுங்களுக்கும் வேணாம்." எனக்கும் ஒரு நிமிஷம் குளுகுளுவென்றுதான் இருந்தது. அப்புறம் அந்த மூன்று சுற்று ஞாபகம் வந்தது. கொக்கியிடம் சொல்லிவிட்டேன்.

"உண்மையைச் சொல்லிடலாம். யாரும் விழலேன்னு."

கொக்கி என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். மண்டை இடித்தது. "வாயைத் திறந்தே, பல்லு இருக்காது. கம்பி எண்ணப்போறது நீயா, நானா?" கழுத்தருகே இருந்த கையைக் கடித்தேன், விடும் வரைக்கும் கடித்தேன். இரண்டு முறை பல் தேய்த்தாயிற்று, கிரீஸ் ருசி போகவில்லை.

ஏப்ரல் 17, புதன்

தம்பியிடம் நானாகப் போய்ப் பேசினேன். "நாளைக்குச் சொல்லிடவா?"

"சொன்னா உன் வேலை போயிடும்."

"சொல்லலேன்னா பார்க் போயிடும்."

கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான். "நான் சொல்றேன். யாரோ அடிச்சாங்க, முகம் தெரியலேன்னு."

"அதுவும் பொய்தானேடா."

"பின்ன என்னக்கா, என் அக்காதான் அடிச்சான்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லச் சொல்றியா? என்னால முடியாது." பென்சிலை வீசிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 18, வியாழன்

நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. பார்க்கை வடிவமைத்த பெண் பொறியாளர் வரைபடத்தைக் காட்டினார். "அளவெல்லாம் விதிப்படிதான் இருக்கு. ஆனா இத்தனை பிள்ளைங்க விழுந்திருக்காங்க, நான் என்ன சொல்ல?" என்று வரைபடத்தைச் சுருட்டினார். அவருடைய முதல் பார்க்காம்.

எழுந்தேன்.

"யாரும் விழல. சரிவு நல்லாத்தான் இருக்கு. நாங்க அடிச்சுக்கிட்டோம். கட்டுப் போட்டது நான்தான், பார்த்ததுமே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"யாரை யார் அடிச்சாங்க?" என்றார் தலைவர்.

பின்வரிசையில் கொக்கி. அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி மொட்டை. இரண்டு பேரையும் பார்த்தேன்.

"மத்தவங்க அவங்களே வந்து சொல்லட்டும். என் தம்பி கையை நான் உடைச்சேன். இரும்பால. தலையைப் பார்த்து வீசினேன், அவன் கையால தடுத்துட்டான்."

அம்மா முதல் வரிசையில் சீருடையோடு இருந்தாள். எழுந்து வந்தாள். அறைந்தாள். காது கொய்யென்றது. இன்னொரு கன்னத்தில் அறைந்தாள். "தலையையா? தலையையாடி?" தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். யாரும் தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். மொட்டை தானாகவே வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான், கோணின மூக்கோடு. "ஒல்லி விரலுக்கு நான்தான்" என்றான், என்னிடம் இல்லை, சுவரிடம். கொக்கி வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டு அறையிலிருந்து தூக்கி சலவைப் பிரிவில் போட்டுவிட்டார்கள்.

மே 5, ஞாயிறு

ஜன்னலில் கல். யாரென்று தெரியும். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா இன்னும் பேசவில்லை. என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

ஜூன் 2, ஞாயிறு

பார்க்கை மறுபடி திறந்துவிட்டார்கள். மண் கொட்டவில்லை. காலையில் சைக்கிள், மதியத்துக்கு மேல் போர்டு, பெக்குக்கு பிளாஸ்டிக் உறை கட்டாயம். அறிவிப்பின் கடைசி வரியில் என் பெயரும் மொட்டையின் பெயரும். ஒரு வருஷம் உள்ளே வரக் கூடாது.

கொக்கி என்னைத் தாண்டி உள்ளே போனான், என் பக்கம் திரும்பவே இல்லை. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால், அவன் கிண்ணத்துக்கு மேலே வருவதும் மறைவதும் தெரிந்தது. நன்றாகத்தான் ஓட்டுகிறான், சனியன். வயிறு எரிந்தது.

அப்போது தம்பி என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். புதிதாக முன் சக்கரம் போட்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"உள்ளேதான். காலையில சைக்கிளுக்குத்தானே."

"உனக்கு எங்கடா ஓட்டத் தெரியும்?"

"போர்டு மேல நிக்கப் பயமா இருக்குக்கா. இதுல பிடிச்சுக்கக் கைப்பிடியாவது இருக்கு." ஏறி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. "பிரேக் எந்தக் கை?"

"வலது."

அழுத்திப் பார்த்தான். கட்டுப் பிரித்த கை குச்சியாக இருந்தது, விரல்கள் பாதிதான் மடங்கின. லீவர் அசையவில்லை. மறுபடி அழுத்தினான். நெற்றியில் வேர்த்துவிட்டது. "பரவாயில்ல, பிரேக் இல்லாமலே ஓட்டிக்கிறேன்" என்றான்.

"கிழிச்சே. இறங்குடா கீழே."

நடைபாதையில் உட்கார்ந்து, பையிலிருந்த ஸ்பானரால் திருகாணியைத் தளர்த்தி, பிரேக் லீவரை இடது பக்கம் மாற்றிப் போட்டேன். கேபிள் எட்டியது. அவன் இடது கையால் அழுத்தினான். சக்கரம் நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். காவலாளி என் அருகில் வந்து தன் நாற்காலியைப் போட்டுவிட்டு, "உக்காரும்மா, சைக்கிள் நேரம் முடிய இன்னும் நாழியிருக்கு" என்றார்.