வளையங்கள் யாருடையவை?

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வைட்ஃபீல்டில் ஒரு குடியிருப்பின் விளையாட்டு விழாவுக்கு எங்கள் கடையில்தான் பேனர். நான் ஐந்து வளையங்கள் வரைந்திருந்தேன். அங்கே குடியிருக்கும் வக்கீல் சீனிவாசராகவன் தடுத்தார்.

“ஒலிம்பிக்காரங்க விடமாட்டாங்கம்மா.”

ஒன்றை அழித்தேன்.

“நாலு, கார் கம்பெனியோடது. பதிவு பண்ணிட்டாங்க.”

“மூணு, சார்?”

“தேடிப் பார்த்துத்தான் சொல்லணும்.”

மறுநாள் விழா, பேனர் நின்றால் என் வேலையும் நின்றுவிடும். இரண்டாக்கினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. நீ சந்தோஷப்பட்டுவிடுவாய் என்று உடனே அழித்துவிட்டேன். மிஞ்சிய ஒற்றை வளையத்துக்கு இதுவரை யாரும் உரிமை கோரவில்லை. எப்படி விட்டுவைத்தார்களோ!

கட்டிவிட்டுப் பார்த்தால், அசல் உன் தோசை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் தோசைக்கல் ஒன்று கொடுத்தனுப்பு. ஒருத்திக்குச் சின்னதே போதும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் சுனிதா