அப்பாவின் ஸ்கூட்டரில் ஒரு பூசணி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, போனில் புத்தி சொல்லும்போதே குரல் தெம்பாகத்தான் இருக்கிறது. மருமகள் நலத்தை மட்டும் எழுது.

அப்பா போனதிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேனாம், மண்ணில் கை வைத்தால் மனசு ஆறும் என்று விதையும் தொட்டியும் அனுப்பினாயே, நன்றாக ஆறியது போ. அத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் போனதற்குக் கத்தரிச் செடிதான் மருந்து என்று எந்த டாக்டர் சொன்னாரோ. கத்தரியைப் புழு தின்றது, தக்காளியை அணில் தின்றது, வெண்டை ஒரே ஒரு காய் கொடுத்தது, அதுவும் முற்றி விறகாகி. நீ அனுப்பிய வீடியோவில் ஒருத்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு செடி நடுவில் நின்று சிரிக்கிறான், நகத்தில் பொட்டு அழுக்கில்லை, அவன் தோட்டக்காரனாம். பூசணி மட்டும் இந்த வெயிலிலும் முற்றம் முழுக்க ஓடியது. விடிந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பாதிக்கு மேல் அடியில் பிஞ்சே இல்லாத பூ, நீளக் காம்பில் சும்மா நிமிர்ந்து நிற்கிறது. உட்கார்ந்து தின்கிற தண்டச்சோறு என்று தினம் காலையில் அதையெல்லாம் கிள்ளி எறிந்தேன். பார்த்தால் பிஞ்சு வைத்த பூவும் பழுத்து உதிர்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் மதிலில் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஆம்பளப் பூவ எல்லாம் கிள்ளிட்டா மிச்சது எப்படிக்கா காய்க்கும்" என்று பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள். சும்மா நிற்கிற பூவுக்கும் ஒரு வேலை உண்டு என்று விதைப் பொட்டலத்தில் போட்டால் அவர்கள் கை தேய்ந்தா போகும்.

இதற்கு நடுவில் அப்பாவின் ஸ்கூட்டரை விற்க நீ அங்கிருந்தே ஆள் பேசிவிட்டாய். நான் பதில் பேசவில்லை, அதையே சரி என்று எடுத்துக்கொண்டாய், பெரிய கெட்டிக்காரன். போன வாரம் அந்த மெக்கானிக் வண்டியை எடுத்துப்போக வந்தான். வண்டி நிற்கும் மூலைக்கு நான் போவதே இல்லை, அது உனக்கும் தெரியும். அவன் கூப்பிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். கொடி அங்கேயும் போய் ஹேண்டில், பிரேக் கம்பி என்று எல்லாவற்றையும் சுற்றிப் பிடித்திருக்கிறது. என் கை போகாத இடம், அங்கே அந்த ஆம்பளைப் பூக்கள் பிழைத்திருக்கின்றன. கால் வைக்கிற பலகையில் என் தலை அளவுக்கு ஒரு பூசணி. அறுத்துட்டு எடுத்துக்கறேம்மா, ஒரு காய்தானே என்றான் அந்த அறிவாளி. "கொடியில கத்திய வச்சுப் பாரு, அப்புறம் உன்னத்தான் தள்ளிக்கிட்டுப் போகணும்" என்றேன். போய்விட்டான்.

சின்ன வயதில் அப்பாவின் இரண்டு கைக்கும் நடுவே நின்றுகொண்டு, நீதான் ஓட்டுவதாகத் தெருவுக்கே கை காட்டிக்கொண்டு போவாயே, அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது தினம் காலையில் அந்த மூலைக்குத் தண்ணீர் கொண்டு போகிறேன். அப்படியே சீட்டையும் துடைத்துவிட்டு வருகிறேன்.

இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். வண்டி விற்பதற்கில்லை என்று மெக்கானிக்கிடம் நீயே சொல்லிவிடு, பேசியவன் நீதானே. மறக்காதே. காய் முற்றும்போது வா. விதை ஒன்றும் வாங்கிவர வேண்டாம்.

உன் அம்மா