சிரிக்கக் கூடாத பயிற்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? கென்டக்கியில் குளிர் ஆரம்பித்திருக்கும். டெக்சாஸில் அக்டோபரிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பள்ளியில் என் சியர்லீடர் பெண்களோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். "முட்டிய மடக்கி, கால் பலத்துல தூக்குங்கடி! முதுக வளைக்காதீங்க!" என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறேன். டெலேனி மட்டும் முதுகை வில்லாக வளைத்தே, தன் கைமேல் ஏறி நிற்பவளைத் தூக்குவாள்.

"வலிக்குதாடி?"

"இல்லவே இல்ல, கோச்!" என்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பாள்.

எது நடந்தாலும் சிரி என்று ஆறு வயதிலிருந்தே பழக்கிவிடுகிறோம். பிறகு எவளுக்கு வலிக்கிறதென்று எப்படித் தெரியும்? அதனால் பயிற்சியில் யாரும் சிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். பயிற்சிக்கு மட்டும்தான் என்று சொல்லியும் கேட்காமல் டெலேனியின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்: "வெள்ளிக்கிழமை மேட்ச்சுல எம்பொண்ணு மூஞ்சிய உம்முனு வெச்சிக்கிட்டு நிக்கணுமா?"

மறுநாள் தூக்கும்போதே டெலேனியின் முகம் சுளித்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். முதுகெலும்பில் மயிரிழை விரிசலாம். மூன்று மாத ஓய்வில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்த அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை!

அன்று நிறுத்திய வேகத்தில் மேலே இருந்தவள் சரிந்தாள். ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். முட்டியை மடக்கத்தான் மறந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை.

உன் பழைய இடுப்பு பெல்ட் சும்மா கிடந்தால் அனுப்பு. சோள ரொட்டி மாவும் கொஞ்சம் அனுப்பு. இங்கே விற்கிற மாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். நேற்று பெண்களோடு எடுத்த படம் உள்ளே இருக்கிறது. அதில் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். நீ நம்பிவிடாதே, அம்மா.

உன் மகள்,
லொரெட்டா