டாக்டர் சூலுவுக்கு வந்த புகார்

ஆற்று வளைவு முகாம்,
லுவாங்வா பள்ளத்தாக்கு,
அக்டோபர் 19

அன்பு மகள் தெலெசாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், அவளுடைய முட்டி வலி மட்டும் இந்த அக்டோபர் வெயிலிலும் விட்டபாடில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் கேட்கிறேன், கேட்காமல் தொடங்கினால் உறையை ஒட்ட விடமாட்டேன் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உன் செய்தி அவள் போனுக்குத்தான் வந்தது. கேலமின் அப்பாவும் அம்மாவும் உங்கள் முகாமுக்கே வருகிறார்கள், நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள், வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள், அப்பா சரணாலயத்துக்கே தலைமை அதிகாரி என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து ஒன்றும் பேச வேண்டாம், பிறகு விளக்குகிறேன். இவ்வளவுதான். அவள் அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள், முதல் முறை எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து. நீ மணக்கப் போகிறவனைப் பெற்றவர்கள் அத்தனை கடலைத் தாண்டி என் வாசலுக்கு வருகிறார்கள், நான் புதருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் இந்தக் காட்டில் நான் எதற்கும் ஒளிந்ததில்லை, ஒரே ஒரு முறை தேனீக்களுக்குத் தவிர. நர்ஸ் வேலைக்குப் போன அந்த ஊர்ல அவ தனியா இருக்கா, என்ன பயத்துல சொன்னாளோ என்று உன் அம்மா உனக்கு வக்காலத்து வாங்கினாள். நான் எழுந்து போய் வண்டியைக் கழுவினேன், அது ஏற்கெனவே கழுவிய வண்டி.

கோபத்தில் ஒருவேளை ஒளிந்துகூட இருப்பேன், ஆனால் இன்னொரு வழிகாட்டியான மத்தேயோ அன்றைக்குத்தான் மலேரியாவில் படுத்தான். ஆகவே விமானத் திடலில் போய் நின்றது நான்தான். என் சட்டையில் ஜெய்ரோஸ் என்று மட்டும்தான் தைத்திருக்கிறது, விருந்தினர்களுக்கு அதற்கு மேல் எங்களைப் பற்றித் தேவைப்படுவதில்லை. உன் வருங்கால மாமனார் ஹ்யூ ரென்விக் இறங்கினார். உயரமான மனிதர், இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவராம், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஒரு சட்டை போட்டிருந்தார், அத்தனை பாக்கெட்டிலும் ஒன்றுமில்லை. பின்னால் அவர் மனைவி இசபெல், சின்னவர், ஒரு நோட்டுப் புத்தகமும் தொப்பியும், அதிகம் பேசவில்லை. அவர் பேச இடமும் இல்லை. திடலில் இருந்து முகாம் வருவதற்குள் யானையைப் பற்றி எனக்குத் தெரியாதது எல்லாவற்றையும் ஹ்யூ சொல்லிக் கொடுத்துவிட்டார். டிவியில் பார்த்தாராம்.

முதல் நாள் காலையில் சமையல் கொட்டகைக்குப் பக்கத்துப் பாதையில் நீர்யானை ஒன்று நின்று உதிர்ந்த காய்களைத் தின்றுகொண்டிருந்தது, அது போகும்வரை காத்திருப்போம் என்றேன். பன்றி மாதிரிதானே இருக்கிறது, கையைத் தட்டினால் போய்விடும் என்றார். இந்த ஆற்றோரத்தில் சிங்கம் கொன்றவர்களைவிட அது கொன்றவர்கள் அதிகம் என்று சொன்னேன். அப்படியில்லை ஜெய்ரோஸ் என்று என்னைத் திருத்தினார். அதன் பிறகு சிங்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம். காட்டினேன். ஐந்து சிங்கம் கருங்காலி மரத்தடியில் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. எனக்குச் சிங்கத்தின்மேல் ஒரு நாளும் மரியாதை இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும், பெண் சிங்கங்கள் அடித்துக் கொண்டுவருவதை முதலில் உட்கார்ந்து தின்றுவிட்டுக் குட்டியை அடித்து விரட்டுகிற பிறவி அது, இருபது மணி நேரம் தூங்கும், மீதி நேரம் கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவியைப் பார்த்து ராஜா, ராஜா என்று ஹ்யூ உருகிக்கொண்டு மூன்று மணி நேரம் படம் எடுத்தார். அந்த மூன்று மணி நேரத்தில் வண்டிக்குப் பின்னால் ஒரு கழுதைப்புலித் தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வளை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கையைக் காட்டினேன், அவர் மூக்கைச் சுளித்தார். இசபெல் மட்டும் திரும்பி உட்கார்ந்து கடைசிக் குட்டி போகிறவரை பார்த்தார்.

அப்போதுதான் ஹ்யூ அந்தப் பெயரை எடுத்தார். என் மகன் கட்டப்போகும் பெண்ணின் தகப்பனார் இந்தச் சரணாலயம் முழுவதற்கும் தலைமை அதிகாரி, டாக்டர் சூலு, உனக்குத் தெரிந்திருக்குமே என்று என் முதுகைத் தட்டிக் கேட்டார். டாக்டர் பட்டமும் கொடுத்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பெரிய மனுஷர் ஐயா, நாங்க அவரைப் பார்க்கிறதே அபூர்வம் என்று சொன்னேன். ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறாராம், அதனால் சந்திக்க முடியவில்லையாம். என் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் ஸக்கேயோ, இருபது வருடமாக என்னோடு நடக்கும் காவலன், அவன் வாய் சும்மா இருக்குமா. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நம் மொழியில், “அதிகாரி ஐயா, மாநாட்டுல சோறு போட்டாங்களா, இல்ல என்னை மாதிரி நேத்து வச்ச களிதானா?” என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு சிறுத்தை. அதைப் பற்றி எழுதவே வெறுப்பாக இருக்கிறது. கிளையில் ஒயிலாகப் படுத்துக்கொண்டு தன்னைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், சுற்றி ஏழு வண்டி, எல்லா வண்டியிலும் ஒரு ஹ்யூ. நம் ஆள் மரத்தடிக்கே போ என்றார், மாட்டேன் என்றேன். அங்கே மூன்று வண்டி நிற்கிறதே என்றார். அவங்க வழிகாட்டிகள் நாளைக்கும் அதே சிறுத்தையைக் காட்டணும்னு நினைக்கலை போல என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இதை நான் டாக்டர் சூலு கவனத்துக்குக் கொண்டுபோவேன், தெரிஞ்சுக்கோ” என்றார். “கண்டிப்பா எழுதுங்க ஐயா, அவர் ஒரு எழுத்து விடாம படிப்பார்” என்றேன். மகளே, என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்லப்போவதாக ஒரு மனிதர் என்னை மிரட்டினார், அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவள் நீ. அந்த நிமிஷம் முடிவு செய்தேன், திடலில் இவரை ஏற்றிவிடும்போது எல்லோர் முன்னாலும் உன் பொய்யை உடைத்துவிட்டுத்தான் வருவது என்று. அதற்கான வார்த்தைகளை ஆங்கிலத்தில் கோத்து, வண்டி ஓட்டும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் நடை. விதிகளை மூன்று முறை சொன்னேன், வரிசையை விட்டு விலகக் கூடாது, எது வந்தாலும் நில் என்றால் நிற்க வேண்டும், ஓடுவது இரையின் வேலை. வறண்ட ஓடை ஒன்றில் ஒரு பெண் யானை மணலைத் தோண்டிக் கன்றுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, நல்ல தூரம், நின்று பார்த்துவிட்டுப் போயிருப்போம். கன்றின் முகம் தெரியவில்லை என்று ஹ்யூ வரிசையை விட்டு விலகிக் கரைமேல் ஏறினார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது, அவர் பூசியிருந்த கிரீம் வாசனை நேராக அவளிடம் போனது. அவள் தலையைத் தூக்கினாள், காதை விரித்தாள், வந்தாள். ஸக்கேயோ துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான், சுடாதே என்று சொல்லிவிட்டு நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் செத்தால் கன்று இரண்டு நாளில் செத்துவிடும், அதுவும் ஒரு போட்டோவுக்காக. என் வாயில் எப்போதும் வருகிற அதே வார்த்தைகள்தான் வந்தன. பதினைந்து அடி தூரத்தில் நின்றாள், என்மேல் மண்ணை வாரி அடித்தாள், தலையை உதறினாள், கன்றைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனாள். திரும்பிப் பார்த்தால் இசபெல் நிறுத்திய இடத்திலேயே, நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். ஹ்யூவைக் காணோம்.

நாற்பது அடி தள்ளி முள் மரத்துக்குள் இருந்தார். கொக்கி முள், உனக்குத் தெரியும், முன்னால் போனால் ஒன்று குத்தும், பின்னால் வந்தால் இன்னொன்று இழுக்கும். சட்டையின் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு கிளையில் மாட்டிக்கொண்டிருந்தது. யானையின் கவனத்தை மனைவியிடம் இருந்து திருப்பத்தான் ஓடியதாக உள்ளே இருந்தபடியே எங்களுக்கு விளக்கினார். ஸக்கேயோ கத்தியை எடுத்துக்கொண்டு, மிக மிக நிதானமாக, ஒவ்வொரு முள்ளாக வெட்ட ஆரம்பித்தான்.

அந்த அரைமணி நேரம் இசபெலும் நானும் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தோம். யானையிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். “பையப் பைய, தாயே, வழி உன்னோடது, நாங்க ஒதுங்கிக்கிறோம்” என்று நம் மொழியில் சொல்லி, அர்த்தமும் சொன்னேன். அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார், தொண்ணூற்றொரு வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார், தட்டை வீசுவார், தடியால் அடிப்பார், யாரையும் கிட்டே விடமாட்டார். ஒரே ஒரு நர்ஸ் பெண் கதவருகில் நின்று மெதுவாக ஏதோ சொல்லுவாள், அம்மா அடங்கிவிடுவார். “நீ என்ன சொல்றேன்னு அவகிட்டக் கேட்டேன். எங்கப்பா வேலை செய்ற இடத்துல சொல்றதுன்னு சொன்னா. எந்த ஆபீஸ்ல இப்படிப் பேசிக்கிறாங்கன்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்” என்றார். நீ சொல்வதைப் போலவே அந்த ஒலிகளை எனக்குச் சொல்லியும் காட்டினார், நம் மொழி, அந்த ஊர் வாயில்.

நான் முந்தின நாளிலிருந்து கோத்து வைத்திருந்த ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஆமாம், என் மகள்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். அதற்குப் பதில் தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மீன் அறுத்தவர். கல்யாணப் பேச்சு வந்தபோது இசபெல் ஹ்யூ வீட்டாரிடம் அவரைத் துறைமுக அதிகாரி என்று சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக ஹ்யூ அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த அப்பா மகள் வீட்டுக்கு ஒரு முறைகூட வரவில்லை, வந்தால் அதிகாரியாக வர வேண்டும், அப்படி நடிக்க அவருக்குத் தெரியாது. பதினோராவது வருடம் இறந்துவிட்டார். நீங்கள் சொன்ன பொய் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “தெரியும்னுதான் நினைக்கிறேன். அவர் ஒரு நாளும் கேட்கலை” என்றார். யானை வந்தபோது வராத பயம் எனக்கு அந்த இடத்தில் வந்தது, தெலெசா. நீ கல்யாணத் தேதியைச் சொல்லி நான்கு மாதம் ஆகிறது, எங்களை வரச் சொல்லவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் என்று நானும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நேற்றுக் காலை திடலில் ஹ்யூ, முகமெல்லாம் பிளாஸ்டர், ஒட்டிய உறை ஒன்றை என் கையில் கொடுத்தார். டாக்டர் சூலு கையில் நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்றார். நான் அங்கேயே உறையைக் கிழித்தேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டேன், மூன்று தாளையும் நின்றபடி படித்தேன். வழிகாட்டி திமிர் பிடித்தவன், விலங்குகளைப் பற்றிய அறிவு போதாது, விருந்தினரை ஆபத்துக்குள் நடத்திச் சென்றான், வண்டி கழுவும் வேலைக்கு மாற்றலாம். நான்கு நாள் ஜெய்ரோஸ் ஜெய்ரோஸ் என்று கூப்பிட்டவர் என் பெயரை ஜெரமி என்று எழுதியிருந்தார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிறாயே என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “புகார் வந்து சேர்ந்தது ஐயா. டாக்டர்னு இங்க யாரும் கிடையாது. சூலு நான்தான். தெலெசா என் மக” என்றேன். ஹ்யூ முதலில் சிரித்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். இசபெல் விமானப் படியில் ஒரு கால் வைத்திருந்தார். “அவர்தான், ஹ்யூ. எங்கப்பாவும் மீன் அறுத்தவர்தான், அதிகாரி இல்லை. ஏறு, வழியில சொல்றேன்” என்றார். அந்த மனிதர் வாயை மூடியதை நான்கு நாளில் அப்போதுதான் பார்த்தேன். விமானம் மேலே போனதும் ஸக்கேயோ துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு, “அதிகாரி ஐயா, உங்க வேலை போச்சு” என்றான். நான் அழுதுகொண்டிருந்தேன், அவன் அதைப் பார்க்காத மாதிரி புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என்மேல் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, படு, ஆனால் கேலமிடம் உன் வாயாலேயே சொல். நானும் உன் அம்மாவும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். கல்யாணத்துக்கு வருகிறோம், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும். கோட்டு போட வேண்டும் என்று அவள் சொல்கிறாள், நான் என் பச்சைச் சட்டையைத்தான் போடுவேன், இதில் பேச்சுக்கே இடமில்லை. உன் ஊரில் பார்க்க ஆட்டைத் தவிர ஒன்றுமில்லை என்று ஸக்கேயோ சொல்கிறான், ஆட்டையும் பார்க்கிறேன்.

கடவுள் உன் கையையும் காலையும் கண்ணையும் காக்கட்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி வேலையில் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு இருக்காதே. ஒன்று மறக்காதே. அந்தக் கிழவியம்மாவிடம் நீ சொல்வதை இசபெல் சொல்லிக் காட்டினார், பையப் பைய தாயே என்கிறாய், வழி உன்னோடது என்கிறாய், அத்தோடு நிறுத்திவிடுகிறாய். நாங்க ஒதுங்கிக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும், சொல்லும்போதே ஓரடி பின்னால் எடுத்து வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் சொன்னால் யானை நம்பாது.

உன் அப்பா,
ஜெய்ரோஸ் சூலு,
வழிகாட்டி