ஐந்தாம் தடத்தில் நின்ற வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மாத்திரை போட்டுக்கொள்கிறோம், அந்த அளவில் சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் குழைந்துவிடுவேன், 'ஒண்ணுமில்லடி, நல்லாத்தான் இருக்கேன்' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முழுவதும் படித்த பிறகு போன் செய், பாதியில் செய்தால் எடுக்க மாட்டேன்.

அப்பாவின் கண் நன்றாக ஆறிவிட்டது. கட்டுப் பிரித்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை, எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். சுவரில் விரிசல் என்கிறார், மின்விசிறியில் தூசி என்கிறார், நேற்று என்னையே உற்றுப் பார்த்துவிட்டு 'உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது' என்று கேட்கிறார். இத்தனை வருஷம் கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். சொட்டு மருந்து விடும்போது மட்டும் குழந்தை மாதிரி இமையை இறுக்கிக்கொள்கிறார். இன்னொரு கண்ணுக்கும் செய்ய வேண்டுமாம், அவசரமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ அதற்காகக் கவலைப்படாதே.

நீ கவலைப்பட வேண்டியது வேறு. எங்கள் பொம்மை ரயில் கூட்டத்திலிருந்து உனக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, அம்மா செம்ம ஹாப்பி என்று எழுதி வரிசையாக இதயம் போட்டிருந்தாயே, அதைப் பற்றித்தான். அந்த வீடியோவில் நான் சிரிக்கிறேன், கை தட்டுகிறேன், 'ரொம்ப நல்லா இருக்கு' என்றுகூடச் சொல்கிறேன். அது அத்தனையும் நடிப்பு. எல்லோரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு மனுஷி வேறென்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நீ அந்த அறையைப் போனில்தான் பார்த்திருக்கிறாய், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக்கின் பட்டறைக்கு மேலே உள்ள நீள அறை. நடுவில் இடுப்பு உயரத்துக்குப் பெரிய மேஜை, அதன் மேல் மலை, சுரங்கம், பாலம், ஒரு ஸ்டேஷன், எல்லாம் நாங்களே அட்டையிலும் மரத்தூளிலும் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் நால்வரும் கூடுவோம். பட்டறைக்காரர் சரக்கு வண்டி ஓட்டுவார், அவருக்கு வேகம் தெரியாது, மேலே கீழே போகிற லிஃப்டையே பார்த்துப் பழகியவர் என்று கேலி செய்வோம். 'தாத்தா' பயணிகள் வண்டி ஓட்டுவான். அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, இடுப்பு வலி, தூசி அலர்ஜி, காற்று வரவில்லை என்று வந்ததிலிருந்து புலம்புவதால் அந்தப் பெயர். பல்செட் கட்டுகிறவர்தான் எங்களில் கைவேலைக்காரர், ஒடிந்த சக்கரம், உதிர்ந்த பெயின்ட் எல்லாம் அவரிடம்தான் போகும், அவரை நாங்கள் 'பல்செட்' என்றே கூப்பிடுவோம், அவர் கோபித்துக்கொண்டதில்லை. நான் பஸ் டிப்போவில் காலம் முழுக்க டைம்டேபிள் போட்டவள், ஆகையால் இங்கேயும் அதுதான் வேலை. எந்த வண்டி எப்போது எந்தத் தடத்தில் என்று நான் எழுதி மாட்டினால்தான் ஓட்டம் தொடங்கும். என் பெயரை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள், எல்லோருக்கும் நான் 'கன்ட்ரோல்'. 'கன்ட்ரோல், சிக்னல் குடுங்க', 'கன்ட்ரோல், டீ ஆறுது' என்று அங்கே என்னைக் கூப்பிடும்போது எனக்கு வயதே தெரியாது. வாரம் பூராவும் வீட்டில் பேசுகிற பேச்சைவிட அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அதிகம் பேசுவேன். ஒருவர் வண்டி தடம் புரண்டால் மற்றவர் சிரித்துக்கொண்டே தூக்கி வைப்பார். அது அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது பெரிசு.

அந்த ஸ்டேஷனின் ஐந்தாம் தடத்தில் உன் இன்ஜின் நிற்கும். முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாயே, அந்தக் கறுப்பு நீராவி இன்ஜின். அவசரமாகப் பெட்டியைப் பிரித்ததில் பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பி ஒடிந்துபோய், நீ முகம் சுண்டி, உடனே ஒட்டுகிற பசையை வாங்கி வந்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஈரம் காயும் முன்பே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாய். மறுநாள் உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். அந்தப் பசையின் ஆவி பட்டால் விரல் பட்ட இடம் வெள்ளையாக எழும்பும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கறுப்புக் கொதிகலன் மேல் உன் கட்டைவிரல் அப்படியே இருந்தது, ரேகை ரேகையாக. சின்ன வயதில் பென்சில் சீவும்போது பிளேடு வெட்டிய தழும்புகூடக் குறுக்கே கோடாகத் தெரிந்தது. இன்ஜினைத் தூக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் பிடிக்க வேண்டும், பிடித்தால் தேய்ந்துவிடும், ஆகவே அதை ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பெட்டிக்குள் அது நின்ற பலகையோடு சேர்த்து மெதுவாகக் கொண்டுபோய் ஐந்தாம் தடத்தில் இறக்கினேன். ஒவ்வொரு வாரமும் டைம்டேபிளில் 'தடம் ஐந்து: நிற்கும் வண்டி' என்று எழுதுவேன். அதன் பக்கத்தில் போகிற மற்ற வண்டிகள் வேகத்தைக் குறைக்க வேண்டும், அது என் உத்தரவு, ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. தாத்தா புதிதாக வந்தபோது 'அது ஏன் ஓடவே மாட்டேங்குது' என்றான். பட்டறைக்காரர் 'அது ஓடுற வண்டி இல்லப்பா, நிக்கிற வண்டி' என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டார். அவர்களை நான் எவ்வளவு மதித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அது யார் விரல் என்பதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். ஒரு நாள் பல்செட் மெருகுத் துணியை எடுத்துக்கொண்டு வந்து 'ரெண்டு நிமிஷம் குடுங்க, பல்லு மாதிரி பளபளன்னு ஆக்கிடறேன்' என்றார். அப்போது சொன்னேன். உடனே துணியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு 'தழும்புகூடத் தெரியுதே' என்றார். அதன்பின் இந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி நடந்துகொள்ள மாட்டார்கள் என்று மனதுக்குள் அவரைத் தூக்கி வைத்திருந்தேன்.

அப்பாவின் ஆபரேஷனுக்காக நான் சில வாரம் போகவில்லை அல்லவா, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் திரும்பப் போன அன்று படியேறும்போதே மேலே குசுகுசு என்று சத்தம். உள்ளே நுழைந்தால் விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், தாத்தா போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அவன் முகத்தில் அன்றைக்கு ஒரு வலியும் இல்லை. என் கண் நேராக ஐந்தாம் தடத்துக்குப் போனது. காலி. உடைத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது சுரங்கத்துக்குள்ளிருந்து உன் இன்ஜின் வருகிறது, பின்னால் ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, கறுப்பு அப்படி மின்னுகிறது, கம்பி புதிதாகப் போட்டிருக்கிறது. என் முன்னால் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் குனிந்து விரலைத் தேடினேன். அங்கே என் முகம்தான் தெரிந்தது, அவ்வளவு வழவழப்பு. 'உங்க பொண்ணோட சர்ப்ரைஸ்' என்று பட்டறைக்காரர் சொன்னார். அதற்கப்புறம் நான் சிரித்ததைத்தான் நீ பார்த்தாய்.

அன்றைக்குக் கிளம்பும்போது பல்செட்டைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. 'உங்க பொண்ணோட விரல்தானே, அவங்களே அழிச்சிடுங்கன்னு சொல்றப்ப நான் யாரு வேண்டாம்னு சொல்ல, ரெண்டு தடவை கேட்டேன் கன்ட்ரோல்' என்றார். அப்புறம் மெல்ல ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நீ அவரோடு பல ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியிருக்கிறாய். வீடியோவில் அந்த வெள்ளைக் கறை தெரியும்போதெல்லாம் உனக்கு உறுத்துமாம், அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஒரே நல்ல பொருளையும் கெடுத்துவிட்டு வந்தேன் என்று அவரிடம் சொல்லி வருத்தப்பட்டாயாம். நான் ஒரு தடவை போனில் இன்ஜினைக் காட்டி 'பாரு, எப்படிக் கறை பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கே' என்று சொன்னதை மனதில் வைத்திருந்தாயாம். அடிப் பைத்தியமே, அது திட்டா? நீ சுவரில் கிறுக்கினபோதும் இப்படித்தானே சொன்னேன், அந்தச் சுவருக்கு இன்று வரை வெள்ளையடிக்க விட்டேனா?

எனக்கு எங்கே அதிகம் வலிக்கிறது என்று சொல்கிறேன் கேள். அவர் செய்ததுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று என்னிடம் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டு, அவரிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறாய். உன் மனக்குறையை எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, ஊருக்குப் பல் கட்டுகிறவரிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது. நீங்கள் நாலு பேரும் காதும் காதும் வைத்தாற்போலப் பேசி முடிவு செய்திருக்கிறீர்கள், நான் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்கு இட்லியா, கஞ்சியா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவராவது கன்ட்ரோலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொல்லவில்லையே. விரல் உன்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் நான். இந்த வருஷம் லீவு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நீ சொல்லும்போதெல்லாம், சரிடி, வேலையைப் பார் என்று லேசாகச் சொன்னேனே, எப்படிச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறாய்? அந்த ஞாயிற்றுக்கிழமை போய் அதன் பக்கத்தில் நிற்பேன். தொடமாட்டேன், என் கட்டைவிரலைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா முதலில் 'ஒரு கறைக்கா இத்தனை' என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புதுக் கண்ணை வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினார், எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று. இல்லை. 'நல்லா தேய்ச்சிருக்கான்' என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தார். சென்ற வாரம் நான் ரயிலுக்குப் போகவில்லை. டைம்டேபிள் இல்லாமலே ஓட்டியிருக்கிறார்கள், பட்டறைக்காரரின் சரக்கு வண்டி தாத்தாவின் வண்டி மேல் ஏறிவிட்டதாம், இரண்டு பேரும் நீயா நானா என்று பேசிவிட்டுச் சீக்கிரமே கலைந்துவிட்டார்களாம். மறுநாள் பல்செட் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு 'திட்டிடுங்க கன்ட்ரோல், பேசாம மட்டும் இருக்காதீங்க' என்றார். தண்ணீர் கொடுத்தேன், பேசவில்லை. குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே 'நான் ஊர் வாய்க்கெல்லாம் அச்சு எடுக்கறவன், தேய்க்கறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு அச்சு எடுத்து வெச்சிருக்கலாம், தோணலையே' என்றார். எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது, ஆனாலும் உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை. உன் மேலும் கோபம் தீரவில்லை, பூசி மெழுக எனக்குத் தெரியாது.

வரும் ஞாயிறு போகலாம் என்றுதான் இருக்கிறேன். அவர்களுக்காக இல்லை, அந்த இரண்டு பேரும் மேஜையையே உடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில். டைம்டேபிள் எழுதிவிட்டேன். ஐந்தாம் தடத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலி என்று எழுதக் கை வரவில்லை. 'தாமதம்' என்று எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. வேலையில் பேரும் புகழும் எடுத்து, கூட இருப்பவர்கள் மெச்சும்படி நீடூழி நன்றாக இரு, இதைக் கோபத்தோடு சொன்னாலும் மனதாரத்தான் சொல்கிறேன். அப்பாவின் ஆசியும் இதோடு. இதையெல்லாம் படித்துவிட்டுப் புதிதாக ஒரு இன்ஜின் வாங்கி அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். எதையும் அனுப்பாதே. இன்ஜின் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, பசையும் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்,
அம்மா