பிரிக்காத பொட்டலம்

அன்புள்ள அம்மாவுக்கு அபிநயா வணக்கத்துடன் எழுதுவது. தோஹாவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் முழுக்க எங்கள் அறையில் சமையல் இல்லை. பயப்படாதீர்கள், இப்போது சரியாகிவிட்டது. ஆசியாவில் யாருடைய கூடைப்பந்து அணி பலமானது என்று பிலிப்பைன்ஸ் மரிசெலுக்கும் லெபனான் ஹனானுக்கும் சண்டை. அடுப்பு ஒருத்தியுடையது, பாத்திரம் இன்னொருத்தியுடையது. கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். கூடைப்பந்தில் இந்தியாவைக் கண்டு யாருக்கும் பயமில்லையாம், அதனால் நான் பொய் சொல்ல மாட்டேனாம்!

நம் ஊரில் சாமியிடம் பூக் கேட்பதைப் போல காகிதத்தில் எழுதி இரண்டு பொட்டலம் மடித்துப் போட்டேன். ஹனான் எடுத்ததில் 'ஆஸ்திரேலியா' என்றிருந்தது. ஆசியக் கோப்பையை இப்போது ஜெயிப்பது அவர்கள்தான். "அது ஆசியாவே இல்லையே! அவர்களை யார் நம்மோடு ஆடவிட்டது?" என்று இருவரும் சேர்ந்தே கத்தினார்கள். அன்றே அடுப்பு எரிந்தது. இரண்டிலும் நான் அதையே எழுதி வைத்தது அவர்களுக்குத் தெரியாது.

யாராவது இங்கே வந்தால் ஜவ்வரிசி வடகமும் உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

எங்களை வேலைக்கு அழைத்துப்போக ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளைப் பூ வந்தால் நான் தோஹா போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று கோயிலில் கேட்டுவிட்டு, "வெள்ளை வந்துருச்சு சாமி, தகிரியமாப் போயிட்டு வா" என்று என்னை அனுப்பினீர்களே. அன்று பிரிக்காத பொட்டலத்தில் என்ன பூ வைத்திருந்தீர்கள், அம்மா?

மகள்,
அபிநயா