கூழ் ஊற்ற வந்த அத்தை

கெடார்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு,

உன் அக்கா அம்சா எழுதுவது. இங்கே உன் மாமா, சங்கவி, மாடு கன்று எல்லாம் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும், "அக்கா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். வாட்ஸப்பில் போட்டால் அருணா முதலில் பார்ப்பாள். எனக்கு அவளிடம் பேச ஒன்றுமில்லை, உன்னிடம்தான் இருக்கிறது. அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு படி. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் காயில் எரிந்துபோய் மாற்றியாயிற்று. மல்லாட்டை பிடுங்கும் பதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பன்றித் தொல்லைக்காக மாமா கொல்லையிலேயே படுத்துக்கொள்கிறார். சங்கவிக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தது உனக்குத் தெரியும். விழுப்புரத்தில் மண்டபம் பேசிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் தன்மையானவர்கள். பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் எப்போது வருவார் என்று அவர்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் தன்விகாவின் பிறந்தநாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அருணா போன் செய்து, குழந்தைக்கு ஐந்தாவது பிறந்தநாள், இந்த முறை ஓட்டலில் வேண்டாம், வீட்டிலேயே வில்லேஜ் தீமில் செய்கிறோம் என்றாள். தீம் என்றால் என்ன என்று சங்கவிதான் எனக்கு விளக்கினாள். சோடனை, சாப்பாடு, உடுப்பு எல்லாமே ஒரே விஷயமாக இருக்குமாம். "அண்ணி, நீங்க ஒரிஜினலா கேப்பைக் கூழ் காய்ச்சிக் கொண்டுவாங்க. வேர்க்கடலை செடியோட வேணும், கொத்துக் கொத்தா. அண்ணனை மண்வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். நம் மல்லாட்டையைத்தான் வேர்க்கடலை என்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை தேவா. உன் வீட்டு விசேஷத்துக்கு எங்களால் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறதே என்று பூரித்துப் போனேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மல்லாட்டை பிஞ்சாக இருக்கும்போது உன் மாமா ஒரு செடியைக்கூடப் பிடுங்க விடமாட்டார். சங்கவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆசைக்கு ஒன்று இழுத்ததற்கே திட்டியிருக்கிறார். அந்த மனுஷன் உன் பிள்ளைக்காக விடிவதற்கு முன்னால் போய் ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கிக் கட்டு கட்டினார். நான் திகைத்துப்போய்ப் பார்த்தபோது, "புள்ள பொறந்தநாளும் அதுவுமா கணக்குப் பாத்துக்கினு இருக்கியா, ஜல்தியா கிளம்பு" என்றார். செடிக்கட்டு, கூழ்ப் பானை, மண்வெட்டி எல்லாவற்றோடும் விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்கு மாறி ஏறினோம். மண்வெட்டியைப் பார்த்த கண்டக்டர் வேலைக்கா என்று கேட்டார். "இல்லீங்க, மச்சான் வீட்டு விசேஷம்" என்று மாமா சொன்னதும் பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வீடு அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வாசலில் தர்மாகோலில் இரண்டு காளை, பிளைவுட்டில் ஒரு கிணறு, அதற்குள் தண்ணீருக்குப் பதில் நீலத் துணி. கூடத்தில் ஓலைத் தட்டி கட்டி, பலூனுக்கு நடுவே முறம் முறமாகத் தொங்கவிட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்கெல்லாம் மையில் மீசை. தன்விகா குட்டிச் சேலையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி நடந்தாள். எனக்கு அவளைத் தூக்கிக் கொஞ்சத் தோன்றியது.

அதற்குள் அருணா மாமாவைப் பார்த்து, சட்டையைக் கழற்றிவிடுங்கள் அண்ணே, தீமுக்குச் சரியாக வராது என்றாள். அவர் அன்றைக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நீ பக்கத்தில்தான் இருந்தாய். "ஆமா மாமா, போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றாய். அவர் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மண்வெட்டியோடு காளைக்குப் பக்கத்தில் போய் நின்றார். என் பட்டுச் சேலையையும் மாற்றச் சொல்லி ஒரு பழைய நூல் சேலை வந்தது. அதைக் கட்டிக்கொண்டு கூழ்ப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். விளையாட்டுதானே, பிள்ளைக்காகத்தானே என்றுதான் செய்தோம். எங்களை யாரும் அடித்துச் செய்யச் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூழ் வாங்கி, வாயில் வைக்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு கப்பைக் கீழே வைத்தார்கள். மல்லாட்டைச் செடியைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆட்டிவிட்டுப் போட்டு மிதித்தார்கள். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாய். நம் வேரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், சோறு போடுகிற விவசாயியை மதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். சட்டையில்லாமல் உன் பக்கத்தில் நின்ற மாமாவும் தட்டினார். நானும் தட்டினேன். என் தம்பி எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் என்று.

தன்விகா என்னிடம் ஓடிவந்து மடியில் ஏறி, அத்தை, எனக்கு ஊட்டிவிடு என்றாள். அப்போது உன் மேனேஜர் வீட்டம்மா, "அத்தைன்னு கூப்பிட எவ்ளோ அழகா சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்" என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பெரிய இடத்து அம்மா ஏதோ வேடிக்கை பேசுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். குழந்தைக்கு வாங்கி வந்த வெள்ளிக் கொலுசை அப்போதே போடுகிறேன் என்றேன். அப்புறம் போடலாம் அக்கா, கேக் வெட்டட்டும் என்று காதோடு சொன்னாய். அந்த அக்கா என்ற வார்த்தையை ஏன் காதோடு சொன்னாய் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. எல்லோரும் மொட்டைமாடியில் பிரியாணி சாப்பிட்டார்கள். மேலே கூட்டம், நீங்கள் இங்கேயே உட்காருங்கள் என்று எங்களுக்குச் சமையலறையில் தட்டு வைத்தாய். அதற்கும் நான் தவறாக நினைக்கவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா மாமாவிடம் வந்து, அடுத்த மாதம் என் பையனுக்கும் பிறந்தநாள், நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிப் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். இவர் என்ன நினைத்தார் தெரியுமா? மச்சானுடைய மேனேஜர் வீட்டில் மரியாதை வைத்து அழைக்கிறார்கள் என்று நினைத்தார். "கண்டிப்பா வர்றோம்மா. நீங்களும் எங்க பொண்ணு கல்யாணத்துக்கு வரணும்" என்றார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே பேச்சு. அந்தப் பையனுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம், வெறுங்கையோடு போனால் தேவா தம்பிக்குத்தானே குறைச்சல் என்று. விழுப்புரத்தில் இறங்கியதும் ஒரு கடையில் போய்ச் சைக்கிள் விலைகூடக் கேட்டுவிட்டு வந்தார்.

இந்த வாரம் அந்த அம்மா போன் செய்தார்கள். மாமா ஸ்பீக்கரில் போட்டார். நானும் சங்கவியும் பக்கத்தில் உட்கார்ந்து போன வருஷத்து மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தோம். எடுத்ததும், ரெண்டு பேருக்கும் சேர்த்து என்ன ரேட்டு என்று கேட்டார்கள். இவருக்கு விளங்கவில்லை. எதுக்கும்மா ரேட்டு என்றார். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் டெகரேஷன்காரங்க ஆளுங்கன்னு நினைச்சேன். தேவநாதன் சார்தான், இல்ல மேடம், கெடார் பக்கத்துலேருந்து நானே கூலிக்குப் பேசிக் கூட்டிட்டு வந்தேன், ஒரிஜினல் விவசாயிங்கன்னு சொன்னாரு."

கூலிக்குப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தாயா தேவா? உன் கூடப் பிறந்தவளையா? உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக உன் பக்கத்தில் நின்ற மாமாவையா? வாய் எப்படி வந்தது? மேனேஜர் வீட்டுக்கு முன்னால் நாங்கள் இருப்பது உனக்கு வெட்கம் என்றால் எங்களைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். வரவில்லை என்று நான் கோபித்திருக்கப் போவதில்லை. கூப்பிட்டு, சட்டையைக் கழற்ற வைத்து, வேடிக்கைக்கு நிறுத்தி, இவர்கள் யார் என்று கேட்டதும் கூலி என்று சொல்ல உனக்கு என்ன பேஜாரு வந்தது?

அதைவிட எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அதைக் கேட்டதும் உன் மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தேவநாதனுடைய அக்கா புருஷன் என்று சொல்லியிருந்தால், நாளைக்கு நீ ஆபீஸில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை அடக்கினார். பிறகு போனில், "இப்ப மல்லாட்டை புடுங்கற வேலைம்மா, வர முடியாது, தப்பா நெனைக்காதீங்க" என்றார். சரி, உங்கள் ஊரில் வேறு யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டார்கள். கூலி ஆள் என்று நீ சொன்னாய், உன் மானம் போகக்கூடாது என்று அவர் கூலி ஆளாகவே பேசி முடித்தார்.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், "வுடு அம்சா, அவனுக்கு அங்க என்னா நெருக்கடியோ, புள்ள சந்தோசமா இருந்துச்சி இல்ல" என்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. சங்கவி அழக்கூட இல்லை. எனக்கு அந்த மாமா பட்டம் கட்ட வேண்டாம், பெரிய தாத்தா மகன் விருத்தாசலம் மாமா கட்டட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். விருத்தாசலமும் கூப்பிட்டால் வருவான். அவனும் எனக்குத் தம்பி முறைதான்.

நேற்று விழுப்புரம் போயிருந்தேன். பத்திரிகை அச்சுக்குப் போகிறது. உன் பெயரையும் அருணா பெயரையும் எடுத்துவிட்டு விருத்தாசலம் பெயரைப் போடச் சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அச்சகத்துப் பையன் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, தாய்மாமன்னு போட்டிருக்கே, இந்தத் தேவநாதன் யாரும்மா என்று கேட்டான். "என் தம்பிப்பா, கூடப் பொறந்தவன், திண்டிவனத்துல இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவேயில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. அதற்குமேல் எடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

முகம் தெரியாத ஒருவன் கேட்டதும் எனக்கு வந்த அந்த ஒரு வார்த்தை உனக்கு ஏன் வரவில்லை? அதைத்தான் நான் கேட்கிறேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த அம்மாவுக்கு நீயே போன் போட்டுச் சொல். மாமாவுக்குத் தெரியாமல் சொன்னாலும் சரி, அவர்கள் என் அக்காவும் மாமாவும் என்று உன் வாயால் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டோடு உன்னை அழைக்க வருகிறோம். அதற்குள் சொல்லிவிடு. சொல்லவில்லை என்றால் அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடு. நான் புரிந்துகொள்வேன், திரும்பிப் போய்விடுவேன். அவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

தன்விகா நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அருணாவும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். இதைக் கோபத்தில்கூட நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரு தம்பி.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த அக்கா,
அம்சா